வாடகையில்லா வீட்டின் வரலாறு

கடாரங்கொண்டான் என்று பட்டம் புனைந்த இராசேந்திர சோழன் இந்நாட்டின்மீது கப்பற்படை செலுத்தியது 1025ஆம் ஆண்டளவில் என வரலாற்றாசிரியர் கூறுவர். அக் கடாரமே நம் கெடா. ஓராயிரம் ஆண்டு சென்றும் நம் மேடைப் பேச்சாளர்கள் அவன் பெயரை விட்டபாடில்லை. ‘கடாரம் கொண்ட தமிழன்’ என்று அவர்கள் முழங்குந்தோறும் பந்தலில் கைதட்டல் எழுகின்றது. அங்ஙனம் கைதட்டுவோரில், இக் கடாரத்து மண்ணில் தம் பெயரால் ஒரு சாண் நிலத்துக்கேனும் பட்டா உடையவர் எத்தனை பேர் என்று எழுந்து நின்று கேட்க ஒருமுறை எனக்கு ஆசை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால், கையுயர்த்த முடியாதார் வரிசையில் நானும் உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்கும்.

இதனை எழுதத் தூண்டியது பெரிய ஆராய்ச்சி ஒன்றுமன்று. லூனாஸ் பட்டணத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தில் நான் கிராணி வேலை பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருக்கிறேன், வாடகை கிடையாது. சென்ற பொங்கலுக்கு மறுவாரம், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒதுக்கிய பின்னர் என் துணைவியார், “இந்த வீட்டை நம்பி எத்தனை நாளைக்குங்க இருப்பது? பிள்ளைகளும் வளருது. பட்டணத்தில் வாடகைக்குப் போவோமா, கடன்பட்டாவது ஒன்றை வாங்கிவிடுவோமா?” என்று கேட்டார். கணக்கெழுதிப் பிழைப்பவனாதலால் உடனே தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டலும் கழித்தலும் நடந்தன, விடை வரவில்லை. நெடுநேரம் கழித்தே ஒன்று புலப்பட்டது. என் பாட்டனாரின் தந்தை கங்காணி பின்னே கப்பலேறிய நாள்தொட்டு, எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இக்கேள்வியைக் கேட்டவரே இல்லை. எங்கே குடியிருப்பது என்பதை முதலில் கங்காணி முடிவு செய்தார். பிறகு செக்ரோல் முடிவு செய்தது. கேட்கவே வழியில்லாமற் போன கேள்விக்கு விடை எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வரும்? ஆகவே, அக்கேள்வி நம்மவர்க்கு ஏன் இல்லாமற் போயிற்று என்பதை முதலிற் பார்ப்போம் என்று துணிந்தேன்.

பினாங்கு 1786இலும், அதன் எதிர்க்கரை 1800இலும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. எதிர்க்கரைக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்டனர். அதுவே இன்றைய செபராங் பிறை. அங்கே கரும்புத் தோட்டம் போட்ட வெள்ளையர், நாகப்பட்டினத்திலிருந்து நம்மவரைக் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்தனர். சஞ்சிக் கூலிகள் என்ற பெயரில் வந்த இவர்கள், குறித்த ஆண்டுகள் முடியும்வரை முதலாளியை விட்டு அகலக் கூடாது, அகன்றால் சிறை. அவர்களுக்குக் குடியிருப்பு வேண்டுமன்றோ? இரவில் எண்ணிப் பார்க்கவும், காலையில் எழுப்பி நிறுத்தவும் எளிதாயிருக்கும்படி ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் கட்டப்பட்டன. வரிசைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லே நம்மவர் நாவில் லயமாயிற்று. இசையில் லயம் என்றால் ஒத்திசைவு. இந்த லயத்திலோ ஒத்திருந்தது அறைகளின் அளவு ஒன்றுதான்.

லூனாஸ் அந்த மாகாணத்து எல்லைக்குக் கிழக்கே, கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் இடையே கிடக்கும் ஊர். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா, சயாமின் மேலாட்சியினின்று ஆங்கிலேயர் மேலாட்சிக்கு மாறியது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. இரண்டும் சேர்ந்து தென் கெடாவின் காட்டைப் பால்மரக் காடாக்கின. 1910இல் சஞ்சி முறையில் ஆளெடுப்பதும் நின்றது. அதற்கு முன்னரே, 1907இல், தமிழர் குடிபுகல் நிதி என்றொன்றை ஏற்படுத்தித் தோட்டக்காரர்களிடம் வரி வாங்கிக் கப்பற் கூலியை அதிலிருந்து கொடுத்தனர். தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினான் என்று ஏட்டில் எழுதப்பட்டது. சட்டப்படி அவன் சுதந்தரன். ஒரு மாத முன்னறிவிப்பில் எந்தத் தோட்டத்தையும் விட்டுப் போகலாம். ஆனால் போனால் படுக்க இடமில்லை. சிறைக்குப் பதிலாகக் கூரை வந்து நின்றது என்பேன். இது சற்றுக் கடுமையான பேச்சாக வாசகர்க்குத் தோன்றலாம். மேலே படித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுக.

லயத்தைப் பட்டணத்துத் தோழர்கள் பலர் கண்டிரார். பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. முன்னே பொதுத் திண்ணை. நடுச்சுவருக்கு இப்பாலும் அப்பாலும் முதுகோடு முதுகு ஒட்டியவாறு அறைகள். சுவர் கூரைவரை எட்டாது. ஆதலால் ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் பத்து வீட்டுக்கும் கேட்கும். தண்ணீருக்குப் பொதுக் குழாய். மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடு. அதற்கும் கீழே, மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளத்தில் லயம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நடந்து வந்தால் சம்பளப் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தது போலவே இருக்கும். சில தோட்டங்களில் ஆதி திராவிடத் தோழர்களுக்கென லயத்தைத் தனியே ஒதுக்கினர். கடல் தாண்டினால் சாதி போகும் என்று சாத்திரம் சொல்லிற்றாம். நம்மவரோ சாதியை மூட்டையில் கட்டிக்கொண்டே கடலைத் தாண்டினர். துரைக்கும் அது வசதியாயிருந்தது.

ஐக்கிய மலாய் நாடுகளில் 1923ஆம் ஆண்டு ஒரு தொழிலாளர் சட்டம் செய்தனர். அக்கூட்டுக்கு வெளியே நின்ற கெடாவும் பின்னர் அதையொத்த சட்டத்தைத் தனக்கென ஆக்கிக்கொண்டது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது இச்சட்டமே. குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றும் அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. கிராணியின் புத்தி சும்மா இருக்குமா? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் பதினாறில் ஒன்று 2,722 சதுர அடிக்குச் சிறிது மேல். இன்று லூனாஸ் பக்கத்துத் தாமான்களில் இருபதடிக்கு அறுபத்தைந்தடி மனையில் நிற்கும் ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொண்டால், முற்றமும் கொல்லையும் சேர்த்து 1,300 சதுர அடி. சட்டத்தின் கணக்கில் என் பாட்டனாருக்கு உரிய காய்கறிக் கொல்லை, நான் முப்பத்தைந்து ஆண்டுக் கடனில் வாங்க நினைக்கும் மனையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் அந்நிலத்தில் அவருக்கு இருந்தது மண்வெட்டி போடும் உரிமை மட்டுமே. அந்த மண்ணை மகனுக்கு விட்டுச் செல்ல முடியாது, விற்க முடியாது, அடகு வைத்து ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கவும் முடியாது.

வாடகையில்லா வீட்டின் உண்மை விலையை நம்மவர் முதன்முதல் கண்டது 1930ஆம் ஆண்டு தொடங்கிய பெருமந்தத்தில். ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. வேலை போன நாளே கூரையும் போயிற்று. தங்கியிருந்து வேறு பிழைப்புத் தேடுவோம் என்றால் தங்குவதற்கு இடமில்லை. சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அரசாங்கச் செலவிலேயே திருப்பியனுப்பப்பட்டனர். ஒரு துண்டு நிலம் கையில் இருந்திருந்தால் மரவள்ளி நட்டுத் தின்றேனும் மந்தம் தீரும்வரை பொறுத்திருக்க மாட்டார்களா?

பொறுத்திருந்தவர்களும் உண்டு. பேராக் நாட்டுப் பாகான் செராயில் 1880களில் ஃபே என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து நெல் விளைவிக்கும் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். போர்ட் டிக்சன் பக்கம் சுவா என்னும் இடத்தில் 1930களில் இந்தியர்க்கென ஒரு விவசாயக் குடியேற்றம் தோன்றியது. இவை இரண்டும் விரலிட்டு எண்ணத்தக்க சிறு முயற்சிகள். ஆயினும் தமிழன் நிலத்தில் ஊன்றத் தெரியாதவன், பஞ்சாய்ப் பறப்பவன் என்று அக்காலத்துத் தோட்டக்காரர் சொல்லிவந்த பேச்சுக்கு இவை நேர் விடையாக நின்றன.

பட்டணத்து நம்மவர் நிலை வேறு. செட்டிமார் கடன் கொடுத்தனர். கடன் திரும்பாதபோது நிலமும் கடைவீடும் அவர்கள் கைக்கு வந்தன. மலாய் விவசாயியின் நிலம் இங்ஙனம் கைமாறுவதைத் தடுப்பது, ஐக்கிய மலாய் நாடுகளில் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டு அதன் திருத்தத்துக்கும் காரணங்களுள் ஒன்று. கெடாவில் அத்தகைய சட்டம் 1931இல் வந்தது. ஒதுக்கீட்டு நிலத்தை நம்மால் வாங்க முடியாது என்று குறைபடுவோர், அவ்வேலி எழுந்த கதையில் நம் இனத்து வட்டிக்கடைக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறக்கலாகாது. வட்டியில் ஒரு காசும் காணாத லயத்துக்காரன் தலையிலும் அவ்வேலி வந்து விழுந்தது. அதுதான் இதில் வருந்தத்தக்கது.

நிற்க. சீனிவாச சாஸ்திரியார் 1936இல் இங்கு வந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அனுப்புவதை நிறுத்திற்று. போக்குவரத்து நின்றதால் இங்கிருந்தோர் இங்கேயே குடும்பமாயினர். பின்னர் யுத்தம். சயாம் ரயில் பாதைக்குத் தோட்டந்தோட்டமாக ஆண்களை வாரிக்கொண்டு போயினர், பல்லாயிரவர் மீளவில்லை. எஞ்சிய பெண்டிரும் பிள்ளைகளும் துரையற்ற தோட்டத்து லயங்களில் மரவள்ளி நட்டு உயிர் வைத்திருந்தனர். அந்த மூன்றரை ஆண்டில் அந்த வீடு தம்முடையதுதான் என்று அவர்கள் ஒருகணம் எண்ணியிருந்தால் வியப்பில்லை.

யுத்தம் முடிந்து துரைமார் திரும்பினர். 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்ததை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். கள்ளுக்கடையை மூடு என்பது அதன் முதற் குரல். தென் கெடாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. போலீசாருடன் மோதல் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அக்கால வேலைநிறுத்தங்களைப் பற்றிப் படிக்குந்தோறும் என் கண்ணிற் படுவது ஒன்றுண்டு. நகரத்துத் தொழிலாளி கதவடைத்தால் முதலாளி சம்பளத்தை நிறுத்துவான், அவ்வளவே. தோட்டத்துத் தொழிலாளியோ, வேலையினின்று நீக்கப்பட்ட மறுகணம், தான் பிறந்த அறையிலேயே அத்துமீறிப் புகுந்தவன் ஆகிவிடுகிறான். அவனை வெளியேற்றப் போலீசாரைக் கூப்பிடச் சட்டம் இடங்கொடுத்தது. மனைவியும் குழந்தைகளும் சட்டி பானையோடு செம்மண் சாலையில் நிற்பதை மனக்கண்ணில் கண்டுகொண்டே ஒருவன் எவ்வளவு தூரம் குரல் உயர்த்துவான்? நம்மவர் அடங்கி நடப்பவர், கோழைகள் என்று எழுதிய ஆசிரியர்கள் இதனைக் கணக்கிற் சேர்த்ததாகத் தெரியவில்லை.

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டோரத்தில் ஒண்டியிருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்களை, பெரும்பாலும் சீனரை, முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினர். அது கொடுமைதான், அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆயினும் புதுக்கிராமத்திற் குடியேற்றியவர்க்கு வீட்டுமனை அளந்து கொடுக்கப்பட்டது. பலர்க்கு நாளடைவில் குத்தகைப் பத்திரமும் வந்தது. அதே காலத்தில் தோட்டத்து லயங்களையும் ஒன்றுகூட்டி முள்வேலிக்குள் வைத்தனர். வேலி இரு சாரார்க்கும் உண்டு. பத்திரம் ஒரு சாரார்க்கே கிடைத்தது. நம்மவர் கூட்டப்பட்டது கம்பெனி நிலத்தில், கம்பெனி வீட்டில். அளந்து கொடுக்க அங்கே என்ன இருக்கிறது? முள்கம்பி அவிழ்ந்தபின் அவர்களுக்கு ஓர் ஊர் மிஞ்சியது. நமக்கு அதே லயம் மிஞ்சியது. இதனைப் பொறாமையால் எழுதவில்லை. இரு சமூகங்கள் அடுத்தடுத்த வேலிக்குள் நின்ற அந்தப் பத்தாண்டுகளில்தான் நம் வழி பிரிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்த இடி துண்டாடல். சுதந்தரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக் கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக முற்பட்டன. வாங்கிய கூட்டாளிகள் அவற்றைப் பத்தும் இருபதும் ஏக்கராகத் துண்டுபோட்டு விற்றனர். துண்டை வாங்கியவனுக்கு மரம் வேண்டும். லயம் வேண்டாம், லயத்திலிருப்பவனும் வேண்டாம். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் ஓர் அறிக்கையே எழுத வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் மூடியது, மாரியம்மன் கோயில் யாரோ ஒருவர் துண்டில் சிக்கிக்கொண்டது, மூன்று தலைமுறை இருந்தோர் மூன்று மாதத்தில் கலைந்தனர்.

இவ்விடத்தில் ஒரு செயலை விரித்துச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் துண்டாடுவோன் வாங்குவதற்குள் தொழிலாளரே வாங்கிவிடுவது என்பது திட்டம். பணத்துக்கு வழி, பால்வெட்டுவோரிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டுவது. அமைச்சர் ஒருவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, லயத்து வாசலில் நின்று, ‘நீங்கள் உழைக்கும் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள்’ என்று சொல்வதை அன்று எத்தனை பேர் நம்பியிருப்பர்? நம்பினார்கள் என்பதே வியப்பு. அங்ஙனம் சங்கம் முதன்முதலாக வாங்கியது இக் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம், ஆண்டு 1961. இராசேந்திரன் கொண்ட கடாரத்தைப் பற்றி மேடையில் பேசுவோர் புக்கிட் சீடிமைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வாளின்றி, பத்து வெள்ளித் தாளைக் கொண்டு, கடாரத்து மண்ணில் தமிழர் உண்மையாகவே கொண்ட நிலம் அதுவன்றோ! சங்கம் பின்னர் வேறு பல தோட்டங்களையும் வாங்கிற்று. சம்பந்தன் 1979இல் மறைந்தார். சங்கம் இன்றும் இருக்கிறது.

ஆனால் கிராணியாகிய நான் ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பங்குடையவன் தோட்டத்தின் இலாபத்தில் பங்குடையவன்; தான் படுக்கும் அறைக்கு உரியவன் அல்லன். பங்குப் பத்திரம் வேறு, வீட்டுப் பட்டா வேறு. சங்கம் வேலையைக் காத்தது. வேலையைக் காத்ததால் வீட்டையும் காத்தது. வேலை முடிந்தவனுடைய வீட்டைக் காப்பது இன்னொரு காரியம்.

அக்காரியத்தை எந்தச் சட்டமேனும் செய்ததா? 1966இல் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக மற்றொன்று; 2019இல் திருத்தி, 2020 முதல் ஆலைத் தொழிலாளர் விடுதிகளுக்கும் அதனை விரித்தனர். அறை எத்தனை, தண்ணீர், வெளிச்சம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை என்று யாவும் அவற்றில் உண்டு. சுவர் உயர்ந்தது, சிமிட்டித் தரை வந்தது, தனித்தனி வீடும் வந்தது, மறுக்கவில்லை. வீட்டின் தரத்தைப் பற்றி இத்தனை பேசிய சட்டங்கள், அவ்வீட்டில் முப்பது ஆண்டு இருந்தவனுக்கு முப்பத்தோராம் ஆண்டு என்ன உரிமை என்பதில் அவனைக் கைவிட்டன. இதற்கிடையே 1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்து, சுமார் அறுபதினாயிரம் இந்தியர் கப்பலேறினர். சீட்டுப் போனால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். மந்த காலத்துக் கதையே மீண்டும் நடந்தது.

என் தந்தையார் பால்வெட்டாளராகத் தொடங்கி மண்டோராக முடித்தவர். ஐம்பத்தைந்து வயது நிரம்பிய மாதம் அவருக்கு இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் நன்றிக் கடிதம். மற்றொன்றில், இத்தனையாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஆபீசில் ஒப்படைக்கும்படி உத்தரவு. எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு தோட்டத்தில்தான் அப்படி என்று வாசகர் எண்ணிவிடுவர். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அவர், கொல்லையில் தாம் நட்ட முருங்கையில் ஒரு கொம்பை வெட்டி எடுத்துக்கொண்டார். லூனாஸில் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தோம். மாடியில் முருங்கைக் கொம்பை எங்கே நடுவது? சாக்கில் சுற்றிச் சுவரோரம் சார்த்தி வைத்திருந்தார். காய்ந்து போயிற்று.

அந்த மாடியில்தான் தந்தையார் ஒரு விந்தையைக் கண்டார். வீட்டுக்காரரான சீனப் பெரியவர் வாடகைக்கு வரும்போது கீழே நின்று கூப்பிட்டு, நாங்கள் வரச் சொன்ன பின்னரே படியேறுவார். தோட்டத்தில் லயத்தைச் சோதனையிட வரும் ஆபீசர் எவரும் வாசலில் நின்று கேட்டதை அவர் கண்டதில்லை. “காசு குடுத்தா கதவு நம்மது ஆயிடுது பாரு, தம்பி” என்றார். வாடகைக் குடியை இழிவாக நினைப்போர் நம்மில் மிகுதி. நான் அங்ஙனம் நினைக்கேன். இந்நாட்டில் வாடகைதாரனைத் தெருவில் இறக்க வேண்டுமாயின், வீட்டுக்காரன் நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற்றாக வேண்டும். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைத் தெளிவாகச் சொல்கிறது. மாதம் சில நூறு வெள்ளி கொடுப்பவனுக்கு இருக்கும் காப்பு, ஆயுளையே கொடுத்தவனுக்கு இல்லை. இலவசம் என்ற சொல்லைக் கண்டால் எனக்கு அன்றுமுதல் ஓர் அச்சம்.

நமக்கு எதிரே, பினாங்குத் தீவில், புவா பாலா கம்பத்தின் கதையை வாசகர் மறந்திரார். தோட்டத் தொழிலாளரின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். நிலத்தில் அவர்கள் பெயர் இல்லை. வழக்கு நாட்டின் உச்ச மன்றம்வரை சென்றது. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. நீண்ட நாள் இருந்தோம் என்பது ஊரார் நெஞ்சில் உரிமையாக இருக்கலாம். நிலப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி எவன் பெயர் ஏட்டில் பதிந்திருக்கிறதோ அவனே உடையவன்.

இனி லூனாஸுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இடைத்தேர்தலால் நாடெங்கும் பேரடிபட்ட ஊர், மற்றபடி அமைதியானது. பக்கத்துக் கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின், அங்கே வேலைக்கு வருவோர்க்கு வீடு வேண்டியதாயிற்று. இவ்வட்டாரத்தில் தாமான்கள் முளைத்தன. தோட்டத்தை விட்டு வந்த நம்மவர் பலர் இத்தாமான்களில் வாடகைக்கு இருக்கின்றனர், சிலர் வாங்கியுள்ளனர். மலாய் மொழியில் லூனாஸ் என்ற சொல்லுக்குக் கப்பலின் அடிமரம் என்று ஒரு பொருள். கடன் முற்றும் தீர்ந்தது என்று மற்றொரு பொருள். ஊர்ப்பெயர் எதிலிருந்து வந்ததாயினும், வங்கியில் கடன்தாளை நிரப்பும்போது இரண்டாம் பொருள் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணக்குக்காகச் சொல்கிறேன்: இரண்டு லட்சம் வெள்ளியை நூற்றுக்கு நான்கு வட்டியில் முப்பத்தைந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதம் சுமார் 886 வெள்ளி கட்ட வேண்டும். முடிவில் கட்டிய மொத்தம் ஏறக்குறைய 3,72,000. வீடு ஒன்றுக்கு விலை இரண்டு வீட்டுக்குச் சற்றுக் குறைவு! 2025இல் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இது பாதிக்கு மேல். ஆகவே, ‘எல்லோரும் வாங்குங்கள்’ என்று மேடையேறிச் சொல்பவன் ஒன்று கணக்கறியாதவன், அல்லது வீட்டுத் தரகன். வேலை ஓரிடத்தில் நிலைக்காத இளைஞன் வாடகைக்கு இருப்பதே அறிவு. வாங்குவோரும் முதலில் பார்க்க வேண்டியது தரையில் பதித்த ஓட்டை அன்று, கிராண்டை. அது நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகையாயின் இன்னும் எத்தனை ஆண்டு, மலாய் ஒதுக்கீடா, வீட்டு நிலமா விவசாய நிலமா என்பன யாவும் அதில் எழுதியிருக்கும். விவசாய நிலத்தில் கயிறு கட்டிப் பிரித்து ‘லாட்’ என்று மலிவாக விற்பவனிடம் பணம் கொடுத்தால், கிடைப்பது பிரிபடாத நிலத்தில் ஒரு பங்கு. மனைக்குத் தனிப் பட்டா அன்று. லயத்தை விட்டு ஓடிவந்து இன்னொரு வகை லயத்தில் விழுந்த கதை அதுவாகும்.

கம்பெனி வீட்டிலேயே இருந்துகொண்டு அறுபது வயதுவரை பணம் சேர்க்கலாமே என்று நண்பர் ஒருவர் வாதித்தார். கணக்கின்படி அவர் சொல்வது தவறன்று. என் தந்தையாரும் அப்படித்தான் எண்ணினார். வாடகை கொடுக்காதவன் அந்தப் பணத்தை மாதந்தோறும் எடுத்து வைப்பான் என்பது அவ்வாதத்தின் உயிர். அவன் எடுத்து வைப்பதில்லை. அப்பணம் மோட்டார் சைக்கிளாகவும் கல்யாணச் செலவாகவும் திருவிழாவாகவும் போய்விடுகிறது. என் செலவுப் புத்தகமே இதற்குச் சான்று. 1951இல் தொடங்கிய சேமநிதி ஒன்றுதான் நம்மைக் கேளாமலே நமக்காகச் சேர்த்து வைத்தது. அதில் வீட்டுக்கென எடுக்க இடமளிக்கும் கணக்கே எனக்கு முன்பணத்துக்கு உதவியது.

ஆம், வாங்கிவிட்டோம். பழைய வரிசை வீடு, ஓரத்தது அன்று, நடுவிலுள்ளது. பத்திரத்தில் என் பெயரோடு துணைவியார் பெயரும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்றேன். வழக்கறிஞரின் குமாஸ்தா இரண்டுமுறை, “சரிபாதியா?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். கேள்வியை முதலில் கேட்டவர் அவராயிற்றே. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி எவரும் கடிதம் அனுப்பவில்லை. அனுப்புமுன் நாங்கள் புறப்படுகிறோம். தந்தையார் நேற்று வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அறைகளைக் கூட நிதானமாகப் பார்க்கவில்லை. நேரே பின்புறம் போய், அடுக்களைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே சிமிட்டி போடாமல் விட்டிருந்த இடத்தைக் காலால் அளந்தார். நான்கடி இருந்தது. முருங்கைக் கொம்புக்குப் பழைய தோட்டத்தில் யாரிடம் சொல்லி அனுப்பலாம் என்று என்னைக் கேட்டார்.